லண்டன் குளிரில் டால்ச்சா: பருப்பு ஏன் வேகவில்லை?

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். மகள் லண்டனில் முதல் வருடம் படிக்கிறாள். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடுகிறது, குளிர் தாங்கவில்லை, சின்ன வயதில் பாட்டி ஆட்டெலும்பும் பருப்பும் புளியும் சேர்த்து வைத்துக் கொடுத்த டால்ச்சாக் குழம்பும் நெய்ச்சோறும் வேண்டும் என்று அவளே அடுப்பில் இறங்கியிருக்கிறாள். பாட்டி சொன்னபடி எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு 2 மணி நேரத்துக்கு மேல் வேகவைத்தும் பருப்பு முழுசு முழுசாக நிற்கிறதாம், குழம்பு தண்ணியாகத் தனியே ஓடுகிறதாம். "குளிரில் பருப்பு வேகாதா? குக்கர் வாங்கச் சொல்லட்டுமா?" என்று கேட்கிறார்.

இதில் குளிரின் பங்கு கொஞ்சம்தான், அக்கா. வீடு எவ்வளவு சில்லென்று இருந்தாலும் லண்டனிலும் தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும். என் சந்தேகம் குழாய்த் தண்ணீர் மேலும் புளி மேலும்தான்.

பினாங்குக்குத் தண்ணீர் பெரும்பாலும் மூடா ஆற்றிலிருந்து வருகிறது, அது மென்மையான தண்ணீர். லண்டன் பக்கம் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை, அதனால் தண்ணீரில் கால்சியம் நிறைய. மகளைக் கேத்தலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கும், அதேதான். பருப்புக்குள் செல்லோடு செல்லை ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்கிற பசை, அது கரைந்தால்தான் பருப்பு மசியும். கால்சியம் அதைக் கரையவிடாமல் இறுக்கிவிடுகிறது. புளி, தக்காளி, மாங்காய் என்று எந்தப் புளிப்பு முதலிலேயே விழுந்தாலும் பருப்பு வேகத் தாமதமாகும். பாட்டி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டும் பினாங்கில் வெந்தது, ஏனென்றால் அங்கே தண்ணீர் உதவி செய்தது. லண்டனில் தண்ணீரும் புளியும் சேர்ந்து மல்லுக்கு நிற்கின்றன. பிள்ளையின் கைப்பக்குவத்தில் குறையே இல்லை, முதலில் அதை அவளிடம் சொல்லிவிடுங்கள்.

பருப்பு பழசாக இருந்தாலும் வேகாது, அதிலும் நம் ஊர் வெக்கையில் மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த பருப்பு. நீங்கள் பெட்டியில் கட்டிக்கொடுத்ததை ஓரமாக வைத்துவிட்டு, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் நம் ஆட்கள் கடையில் புதுப் பாக்கெட் வாங்கட்டும்.

இனி செய்முறை. 4 பேருக்கு 200 கிராம் துவரம் பருப்பு போதும். வடிகட்டி ஜாடியில் இறக்கிய தண்ணீர் இருந்தால் அதுவே நல்லது, இல்லையென்றால் குழாய்த் தண்ணீரைச் சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிவதை விட்டுவிட்டு மேலாக ஊற்றிக்கொள்ளலாம், சுண்ணாம்பு ஓரளவு குறைந்துவிடும். பருப்பை அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே 2 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். சில்லென்ற தண்ணீரில் ஊறுவது மெதுவாகத்தான் நடக்கும், குளிரின் பங்கு என்றேனே, அது இந்த இடத்தில்தான். அப்புறம் அதே மாதிரி சுண்ணாம்பு குறைத்த புதுத் தண்ணீர், மஞ்சள்தூள், நாலு பல் பூண்டு, கால் டீஸ்பூனில் பாதி சமையல் சோடா சேர்த்து, புளிப்பு எதுவும் இல்லாமல் தனியாக வேகட்டும். சோடா அதற்கு மேல் போகக் கூடாது, சோப்பு வாடை வந்துவிடும், பி1 வைட்டமினும் அழியும். உப்புக்குப் பயப்பட வேண்டாம், உப்பு போட்டால் பருப்பு வேகாது என்பது உண்மையில்லை. முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கரண்டியால் அழுத்தினால் மசிய வேண்டும். அவசரம் என்றால் மைசூர் பருப்பு, அது 20 நிமிடத்தில் குழைந்துவிடும், ருசி கொஞ்சம் வேறு.

எலும்பு இன்னொரு சட்டியில். அரை கிலோ ஆட்டெலும்பு, கொஞ்சம் சதையோடு, ஹலால் இறைச்சிக் கடையில் கேட்டால் வெட்டித் தருவார்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, இஞ்சி தட்டிப் போட்டு, மூடி வைத்து, சின்னக் கொதியிலேயே ஒன்றரை முதல் 2 மணி நேரம். மூட்டில் இருக்கிற ஜவ்வு உருகிச் சாறில் இறங்கத்தான் இத்தனை நேரம், உதட்டில் லேசாக ஒட்டுகிற அந்தக் கெட்டி அதிலிருந்துதான் வருகிறது. டால்ச்சாவுக்கு உயிரே அந்தச் சாறுதான், இதில் மட்டும் அவசரப்படக் கூடாது.

வெங்காயம் வதக்கி, இறைச்சிக் குழம்புத்தூள் 2 மேசைக்கரண்டியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும் வரை கிளறி, சாறையும் எலும்பையும் மசித்த பருப்பையும் அதில் சேர்க்க வேண்டும். உருளைக்கிழங்கும் கேரட்டும் முதலில், அவை பாதி வெந்ததும் கத்தரிக்காய். கடைசி 10 நிமிடத்தில்தான் புளிக்கரைசல், ஒரு சின்ன எலுமிச்சை அளவு புளி போதும். தேங்காய்ப்பால் ஊற்றினால் அடுப்பைக் குறைத்துவிட்டு ஊற்றட்டும். குளிரில் டப்பாவுக்குள் அது கட்டியாகிக் கிடக்கும், கெட்டுப்போகவில்லை, கலக்கினால் சரியாகிவிடும்.

தாளிப்பதில் ஒரு கவனம். மின்சார அடுப்பை அணைத்தாலும் தட்டு சூடாகவே இருக்கும், கடுகு வெடித்ததும் சட்டியைத் தூக்கி வேறிடத்தில் வைத்துவிட வேண்டும். காய்ந்த மிளகாய் கருகினால் விடுதியில் புகை அலாரம் அலறும். அதற்காக அலாரத்தைத் துணி போட்டு மூடவே கூடாது, ஜன்னலைத் திறந்து, விசிறியைப் போட்டுத் தாளிக்கட்டும்.

குக்கர் கட்டாயமில்லை. ஆனால் வைத்துக்கொள்ள விடுதியில் அனுமதி இருந்தால் நல்லதுதான், உள்ளே சூடு 120 டிகிரி வரை போவதால் எலும்பு முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும், பருப்பும் சீக்கிரம் மசியும். புளி மட்டும் அப்போதும் கடைசியில்தான்.

மிஞ்சியதை, வெளியே குளிர்தானே என்று இரவு முழுக்க அடுப்பின் மேலேயே விட்டுவிடப் போகிறாள், ஹீட்டர் ஓடுகிற சமையலறை குளிர்ந்த இடமே இல்லை. டால்ச்சாவைச் சின்னச் சின்ன டப்பாக்களில் ஆற்றி 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். நெய்ச்சோற்றை ஒரு மணி நேரத்துக்குள், அதையும் மறுநாளைக்குள் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் அரிசியில் வேகவைத்தாலும் சாகாத கிருமி வித்து உண்டு. உறையவைக்கப்போகிற பங்கில் உருளைக்கிழங்கு வேண்டாம், உருகினால் மாவு மாவாகிவிடும். மறுநாள் டால்ச்சா இறுகியிருக்கும், கேத்தல் வெந்நீர் கொஞ்சம் ஊற்றி நன்றாகக் கொதிக்கவிட்டுப் பசியாறட்டும்.