சென்சார் வாங்கும் முன் உள்ளே இருக்கும் பல் சக்கரத்தைப் பாருங்கள்

கேள்வி: ஷார்ஜாவில் ஒரு கராஜில் வேலை பார்க்கிறேன். நிசான் பேட்ரோல் ஒன்றில் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, 2008 மாடல் செவ்ரோலே பிக்கப்பின் 5.3 லிட்டர் எல்எஸ் வி8 எஞ்சினை ஏற்றியிருக்கிறோம். வயரிங்கும் கம்ப்யூட்டரும் 2002 பிக்கப்புடையவை. எஞ்சினோடு வந்த சாம்பல் நிற கிராங்க் சென்சாரின் (கிராங்க் ஷாஃப்ட் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார்) சாக்கெட் இந்த வயரிங்கில் சேரவில்லை, அதனால் புதிதாகக் கருப்பு சென்சார் வாங்கிப் போட்டோம். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்பார்க் இல்லை, ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யத்திலேயே நிற்கிறது, எப்போதாவது தாவுகிறது. இன்னொரு சென்சாரும் மாற்றிப் பார்த்தாச்சு. என்ன செய்யலாம் சார்?

பதில்: மூன்றாவது சென்சார் வாங்காதீர்கள், நீங்கள் வாங்கிய இரண்டுமே நல்ல சென்சாராகத்தான் இருக்கும். சிக்கல் எஞ்சினுக்குள், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கம் இறுக்கிப் பொருத்திய பல் சக்கரத்தில், அதாவது ரிலக்டர் வீலில் இருக்கிறது. எல்எஸ் குடும்பத்தில் இந்தச் சக்கரம் இரண்டு வகை. உங்கள் 2002 கம்ப்யூட்டர் எதிர்பார்ப்பது 24 எக்ஸ், அதாவது ஒரு சுற்றுக்கு 24 துடிப்பு. 15 டிகிரிக்கு ஒரு துடிப்பு, சிலது அகலம், சிலது குறுகல், அந்த வரிசையை வைத்துத்தான் கிராங்க் எந்த இடத்தில் நிற்கிறது என்று அது கணக்குப் போடுகிறது. 2008 எஞ்சினில் இருப்பதோ 58 எக்ஸ். 60 பல்லுக்கான இடத்தில் இரண்டை விட்டுவிட்டு, 6 டிகிரிக்கு ஒன்றாக வெட்டியது. கருப்பு சென்சார் 24-க்கு, சாம்பல் 58-க்கு. இரண்டும் ஒரே துளையில் உட்காரும், போல்ட்டும் சேரும், அதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். மின்சாரமும் வேறு: கருப்புக்கு 12 வோல்ட், சாம்பலுக்கு 5. ஆகவே சாக்கெட்டை வெட்டி ஒட்டி சாம்பல் சென்சாரைப் பழைய வயரிங்கில் கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் சென்சாரைக் கழற்றி, துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு வரிசைப் பல் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் 24, நெருக்கமாக ஒரே வரிசை தெரிந்தால் 58. சென்சாரின் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது, பழைய பாகங்கள் விற்கும் யார்டில் யார் எதை மாட்டி வைத்தார்களோ. கேம் ஷாஃப்டைக் கவனிக்கும் கேம் சென்சார் எஞ்சினின் முன்னால் இருந்தால் 58 என்று சொல்பவர்களும் உண்டு, ஆனால் 2005-இல் வந்த எல்எஸ்2 எஞ்சின்களில் கேம் சென்சார் முன்னால் இருந்தும் 24 சக்கரம் போட்டவை இருக்கின்றன.

வழி என்றால், 58 சிக்னலை 24-ஆக மாற்றித் தரும் சின்னப் பெட்டிகள் கிடைக்கின்றன, வேலையும் செய்யும். ஆனால் உங்கள் எஞ்சினின் நாக் சென்சார்களும் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தத்தைக் கண்டுபிடிப்பவை) பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்றவை அல்ல, அதையும் தனியாகச் சரிக்கட்ட வேண்டும். என்னைக் கேட்டால், 2008 பிக்கப்பின் கம்ப்யூட்டர், வயரிங், ஆக்சிலரேட்டர் பெடல் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து வாங்கி, திருட்டுத் தடுப்பு பூட்டை மென்பொருளில் நீக்கிவிட்டுப் பூட்டுங்கள். பாலைவனத்தில் மணல் ஏறப்போகிற வண்டி, நடுவில் நிற்கக்கூடாது. கிராங்க்கை வெளியே எடுத்துச் சக்கரத்தையே மாற்றலாம்தான், ஆனால் நன்றாக ஓடுகிற எஞ்சினை அதற்காகப் பிரிப்பது வீண் வேலை.

கேள்வி: சென்சார் பொருத்தும்போது இடைவெளி எவ்வளவு வைக்க வேண்டும்?

பதில்: இந்த எஞ்சினில் இடைவெளி நாம் வைப்பதில்லை, முழுதாக உட்கார்ந்தால் அதுவே சரியான அளவு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் இருப்பதால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு முதலில் ஸ்டார்ட்டரை இறக்குங்கள். துளையைத் துடைத்து, புது ஓ-ரிங்கில் எஞ்சின் ஆயில் தடவிக் கையால் அழுத்துங்கள், தட்டாதீர்கள். போல்ட் 25 நியூட்டன் மீட்டர் போதும். பேட்ரோலில் எக்ஸாஸ்ட் ஹெடர் அங்கேயே ஒட்டி வரும், வயருக்கு வெப்ப உறை போட்டுத் தள்ளிக் கட்டுங்கள். உருகின வயரும் இதே ‘ஸ்பார்க் இல்லை’ புகாரைத்தான் கொண்டுவரும்.

எஞ்சின் ஓடி நன்றாகச் சூடானதும் ஸ்கேனரில் கிராங்க் ரீலேர்ன் செய்துவிடுங்கள், அதாவது இந்தச் சக்கரத்தின் சின்னச் சின்ன வித்தியாசங்களைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுங்கள். செய்யாவிட்டாலும் வண்டி ஓடும், ஆனால் பி0315 என்ற பிழைக் கோடு வரும், மிஸ்ஃபயரை (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவதை) கம்ப்யூட்டர் சரியாகக் கண்டுபிடிக்காது. பின்னால் எப்போதாவது கிராங்க், சென்சார், கம்ப்யூட்டர் இவற்றில் எதை மாற்றினாலும் மறுபடி இதைச் செய்ய வேண்டும்.