விற்ற பழைய சிறு விமானத்தையே திரும்ப வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? வாங்கலாமா?

நான் வாங்கியிருக்கிறேன். 1946-இல் செய்த செஸ்னா 140. 11 ஆண்டுகள் என்னிடம் இருந்தது, விற்றேன், 9 ஆண்டுகள் இன்னொருவரிடம் இருந்தது, மறுபடி என்னிடமே வந்துவிட்டது. வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் அது உங்கள் விமானம் என்ற நினைப்போடு பார்க்கப் போகாதீர்கள். இப்படிச் சொல்வதற்கு என்னிடம் கொஞ்சம் வெட்கக்கேடான காரணம் ஒன்று உண்டு, பிறகு சொல்கிறேன்.

இந்த வகையைப் பார்த்திராதவர்களுக்கு: பக்கத்தில் பக்கத்தில் இரண்டே இருக்கை, 85 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். உடல் அலுமினியம், இறக்கைக்கு மட்டும் துணிப் போர்வை. (1949-இல் வந்த 140ஏ-யில்தான் இறக்கையும் முழுக்க உலோகமானது.) மூக்குக்கடியில் சக்கரம் கிடையாது, வாலில் சின்னதாக ஒன்று. முன்கால்கள் இரண்டும் வளைந்த எஃகுப் பட்டைகள். ஸ்டீவ் விட்மன் என்ற பந்தய விமானியின் யோசனை அது. வேகம் மணிக்கு நூறு மைலை ஒட்டி.

விற்ற காரணம் பெரிய சோகக்கதை எல்லாம் இல்லை. நான்கு பேர் உட்காரலாம், கொஞ்சம் வேகமாகப் போகலாம் என்று செஸ்னா 172-க்கு மாறினேன். உலகிலேயே அதிகம் செய்யப்பட்ட விமானம் அது, 44,000-க்கும் மேல். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பழையதில் ஒரு மணி நேரம் எடுத்த பயணத்தில் பத்து நிமிடம் மிச்சமானது. பின் இருக்கைகள் இரண்டும் பெரும்பாலும் காலியாகத்தான் இருந்தன. மிச்சமான பத்து நிமிடத்தில் பழையதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், விற்கும்போதே "என்றைக்காவது கைமாற்றுவதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டு, அதை விற்பனைத் தாளிலேயே எழுத வைத்தது. நீங்கள் இன்னும் விற்கவில்லை என்றால் இதைச் செய்துவிடுங்கள். ஏற்கெனவே விற்றாகிவிட்டது, ஆள் கைமாறி விமானம் எங்கே என்றே தெரியவில்லை என்றாலும் வழி இருக்கிறது. அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ-வின் பதிவேட்டையும் பிரிட்டனின் விமானப் பதிவேடான ஜி-இன்ஃபோவையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். வாலில் எழுதியிருக்கும் பதிவெண்ணை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், நாடு மாறினால் அது மாறிவிடும். தொழிற்சாலையில் தகட்டில் பொறித்த வரிசை எண் மாறாது. அதைக் குறித்து வைத்திருந்தால் எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, என்னிடம் வாங்கியவரிடமிருந்து அழைப்பு வந்தது. அவருக்கு வயதாகிவிட்டது, மருத்துவச் சான்றைப் புதுப்பிக்கவில்லை, ஹேங்கரில் சும்மா நிற்கிறது என்றார். அன்றைக்கே கிளம்பிப் போய்ப் பணத்தைக் கொடுத்திருப்பேன். நண்பர் ஒருவர் தடுத்தார். "உனக்கு ஆசை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நீ போய் இறக்கையைத் தடவினால் பேரம் அதோடு முடிந்தது. முதலில் மெக்கானிக் போகட்டும்." ஆகவே அந்த விமானத்தை முன்பின் பார்த்திராத, எனக்கும் அவருக்கும் பழக்கமில்லாத ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். எவ்வளவுக்கு மேல் போகமாட்டேன் என்பதையும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

மெக்கானிக் விமானத்தைத் தொடுவதற்கு முன், பறந்த நேரமும் பார்த்த வேலையும் எழுதி வைக்கும் லாக்புக்கைத்தான் விரித்தார். என் காலத்தில் ஆண்டுக்கு அறுபது, எழுபது மணி நேரம் பறந்திருக்கிறது. கடைசி மூன்று ஆண்டுகளில் 9, 4, அப்புறம் பூஜ்யம். அதிகம் பறந்த எஞ்சினைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். பறக்காமல் நின்ற எஞ்சினுக்குத்தான் பயப்பட வேண்டும். எண்ணெய்ப் படலம் வடிந்து, ஈரம் ஏறி, சிலிண்டர் சுவரில் துரு பிடிக்கும். கான்டினென்டலில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) அடியில் இருப்பதால் அது கொஞ்சம் தப்பித்துக்கொள்கிறது. லைகமிங் என்ற இன்னொரு நிறுவனத்தின் எஞ்சினில் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது, எண்ணெய் வடிந்ததும் முதலில் காய்வது அதுதான்.

அடுத்து அழுத்தச் சோதனை. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 80 பிஎஸ்ஐ-யில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள். மூன்று சிலிண்டர்கள் எழுபதுக்கு மேல் நின்றன. ஒன்று 51. அந்த எண்ணை மட்டும் கேட்டுவிட்டு முகத்தைத் தொங்கப் போட வேண்டாம், காற்று எங்கே கசிகிறது என்று காதால் கேட்க வேண்டும். புகைக்குழாயில் சீறினால் வெளியேற்று வால்வு. கார்புரேட்டர் பக்கம் சீறினால் உள்ளிழுக்கும் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்து அங்கே கேட்டால் பிஸ்டன் வளையம். எங்களுக்குப் புகைக்குழாயில் கேட்டது. அந்த ஒரு சிலிண்டரைக் கழற்றினால் போதும், முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டியதில்லை.

வேகத்தை அளக்கக் காற்றை வாங்கும் பிட்டோ குழாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. இறக்கைத் துணி பாலியஸ்டர், வெயிலே படாமல் உள்ளே நின்றதால் நல்ல பலத்தோடு இருந்தது. தளத்துக்கு அடியில் ஒரு எலிக்கூடு. எலி கடித்து வைப்பதை விட அதன் சிறுநீர்தான் அலுமினியத்துக்கு எமன், நல்லவேளை அது புதுக் கூடு.

இப்போது அந்த வெட்கக்கேடு. மெக்கானிக் பேட்டரிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் அலுமினியத் தகடு வெள்ளை வெள்ளையாகப் பூத்து, விரலால் அழுத்தினால் உதிரும் அளவுக்கு அரித்துப் போயிருந்தது. அமில பேட்டரி கசிந்த வேலை. என்னிடம் தொலைபேசியில் சொன்னார்: "இது இப்போது இருப்பவர் தப்பு இல்லை சார். அவர் வாங்கிய அடுத்த மாசமே சீல் பண்ணின பேட்டரி போட்டிருக்கிறார், லாக்புக்கில் இருக்கிறது. அதற்கு முன்னால் வைத்திருந்த ஆள் மூன்று தடவை பேட்டரி மாற்றியிருக்கிறார், ஒரு தடவைகூடப் பெட்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை. என்ன ஆளோ."

அந்த ஆள் நான்தான் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

11 ஆண்டுகள் நான் அதைத் துடைத்தேன், பளபளப்பாக்கினேன், படம் எடுத்தேன். ஆனால் உரிமையாளனின் கண்ணுக்குத் தெரிந்த இடங்களை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அந்த அரிப்போடுதான் அவருக்கு விற்றிருக்கிறேன், எனக்கே தெரியாமல். நானே முதலில் போயிருந்தால் இந்தத் தடவையும் பெட்டியைத் தூக்கியிருக்க மாட்டேன், அது சத்தியம். சிலிண்டருக்காக விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். தகட்டுக்காகக் கேட்க வாய் வரவில்லை. அந்தச் செலவு என்னுடையது.

காகித வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: விமானத்தின் பேரில் கடன் நிலுவை இருக்கிறதா, கட்டாயத் திருத்த உத்தரவுகள் எல்லாம் நிறைவேறியிருக்கின்றனவா, இடையில் செய்த மாற்றங்களுக்கு ஒப்புதல் உண்டா, எடைக் கணக்கைத் திருத்தி எழுதினார்களா. இந்தக் கடைசி விஷயத்தைத் திரும்ப வாங்கும் பழைய உரிமையாளர்கள் நிச்சயம் கோட்டை விடுவார்கள், ஏனென்றால் பழைய எண்கள் மனப்பாடமாக இருக்கும். என்னிடம் வாங்கியவர் ஜெனரேட்டரை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருந்தார், புது ரேடியோவுக்காகக் கருவிப் பலகையை அறுத்திருந்தார். என் தலைக்குள் இருந்த எடை செல்லாது. அறுத்த பலகையைப் பார்த்தபோது வயிறு எரிந்தது உண்மை. ஆனால் 9 ஆண்டுகள் அவருடைய விமானம், அறுக்க அவருக்கு உரிமை உண்டு. கழற்றிய சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார். உங்களுக்கும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, விமானம் மாறியதைப் போல நீங்களும் மாறியிருப்பீர்கள். 172-இல் என் கால்கள் சோம்பேறியாகிவிட்டன. வால் சக்கர விமானத்தில் எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. தரையில் ஓடும்போது மூக்கு சற்றே திரும்பினால் போதும், வால் முன்னால் வரப் பார்க்கும், முழு வட்டம் அடித்து இறக்கை முனை தரையில் உரசும். மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடர் பெடலில் கால் உறங்கவே கூடாது. எடுத்து வருவதற்கு முன் வேறொரு வால் சக்கர விமானத்தில் பயிற்சியாளரோடு பத்து மணி நேரம் பழகினேன். முதல் மூன்று இறக்கங்களைப் பார்த்துவிட்டு அவர், "11 வருஷம் ஓட்டினேன் என்றீர்களே?" என்று மட்டும் கேட்டார்.

ஒப்படைத்த நாளில் பெரியவர் என்னைச் சுற்றி அழைத்துப் போய் ஒவ்வொன்றாகச் சொன்னார். இடது எரிபொருள் அளவி சில சமயம் ஒட்டிக்கொள்ளும், விரல் முட்டியால் தட்டினால் சரியாகிவிடும் என்றார். அது நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது, அவர் மறந்துவிட்டார். தலையை ஆட்டிக்கொண்டேன். வலது கதவை மூடும்போது லேசாகத் தூக்கி மூட வேண்டும் என்றார். என் காலத்தில் அது இல்லை. பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன்.