டாக்டரிடம் கேளுங்கள்: சோர்ந்த செல்லைத் தட்டி எழுப்ப முடியுமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 52 வயது. பெரிய பி செல் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். இரண்டு விதமான கீமோ கொடுத்தும் நோய் திரும்பி வந்ததால் கார்-டி செல் சிகிச்சை எடுத்தோம். முதல் மாத பெட் ஸ்கேன் சுத்தம். மூன்றாம் மாதம் வயிற்றில் மறுபடி நெறிகட்டி. "செக்பாயிண்ட் ஊசியும் சேர்த்துப் போட்டால் அந்த செல்கள் திரும்ப எழுந்து வேலை செய்யும்" என்று ஒரு மருத்துவமனையில் சொல்கிறார்கள். பாகத்தில் வந்த வீட்டை விற்றுவிடலாம் என்கிறார் அண்ணி. விற்கலாமா டாக்டர்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வீட்டை இப்போதைக்கு விற்க வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

உங்களிடம் சொன்ன யோசனை பொய்யில்லை. நோயோடு சண்டை போடும் வெள்ளை அணுவான டி செல்லின் மேல் பிடி-1 என்று ஒரு புரதம் உண்டு. தெருச் சண்டையில் பெரியவர் ஒருவர் வந்து தோளில் கை வைத்து "சரி, விடுப்பா" என்பாரே, அந்தக் கைக்கு இடம் கொடுக்கும் தோள் இது. சண்டை முற்றி உடம்பையே எரித்துவிடாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு. புற்றுநோய் செல்களில் சில அந்தப் பெரியவர் வேஷத்தைப் போட்டுக்கொள்கின்றன. செக்பாயிண்ட் ஊசி அந்தக் கையைத் தட்டிவிடுகிறது. பிடி-1ஐ 1992இல் கண்டறிந்தது கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் குழு. 2018இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கார்-டி என்பது நோயாளியின் டி செல்லையே எடுத்து, சிடி19 என்ற அடையாளத்தைத் தேடிப் போகும்படி மாற்றித் திருப்பி ஏற்றுவது. அந்த செல்லிலும் பிடி-1 இருக்கிறது. அப்படியானால் இரண்டையும் சேர்த்தால் என்ன? பென்சில்வேனியாவில் 35 வயது நோயாளி ஒருவருக்கு கார்-டிக்குப் பிறகும் நோய் வளர்ந்தது. 26ஆம் நாள் பெம்ப்ரோலிசுமாப் என்ற செக்பாயிண்ட் ஊசி கொடுத்தார்கள். கட்டி சுருங்கியது, ரத்தத்தில் கார்-டி செல்களும் பெருகின. 2017இல் இது வெளியானபோது எங்கள் வட்டாரத்தில் ஒரே பேச்சு. நானும் அசந்துபோனேன்.

அப்புறம்தான் கணக்கு வந்தது. கார்-டி பலிக்காத 12 பேருக்கு அங்கேயே அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரிந்தது 3 பேருக்கு. முழுசாக நோய் மறைந்தது ஒருவருக்கு. ஸூமா-6 என்ற ஆய்வில் 28 பேருக்கு கார்-டியோடு அட்டிசோலிசுமாப் என்ற செக்பாயிண்ட் ஊசியும் சேர்த்தார்கள். நோய் முழுசாக மறைந்தது 46 சதவீதம் பேருக்கு. ஊசி இல்லாமல் அதே கார்-டி மட்டும் கொடுத்த முந்தைய ஆய்வான ஸூமா-1இலேயே அது பாதிக்கு மேல். பயந்த அளவுக்குப் பக்கவிளைவு கூடவில்லை. எதிர்பார்த்த பலனும் கூடவில்லை.

காரணங்கள் பல. சோர்ந்த டி செல்லுக்கு பிடி-1 என்ற ஒரே ஒரு தோள் மட்டும் இருப்பதில்லை. டிம்-3, லாக்-3 என்று வேறு தோள்களும் உண்டு. மூன்று மாதத்தில் எழுப்புவதற்கு கார்-டி செல்லே மிஞ்சாமல் போயிருக்கலாம். லிம்ஃபோமா சிடி19ஐக் கழற்றி எறிந்துவிட்டிருந்தால் எழுந்த செல்லும் யாரை அடிக்கும்? போதாக்குறைக்கு, செக்பாயிண்ட் ஊசி பிரமாதமாக வேலை செய்வது லிம்ஃபோமாக்களில் ஹாட்ஜ்கின் வகையில்தான். அங்கே மரபணுக் கோளாறே அந்த வேஷத்தை அதிகமாகப் போட வைக்கிறது. உங்கள் அண்ணனுக்கு வந்த வகையில் நிவோலுமாப் என்ற செக்பாயிண்ட் ஊசியை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பலன் கண்டவர்கள் 10 சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை. ஒரு விலக்கு, நெஞ்சுக்கூட்டின் நடுவே தொடங்கும் மீடியாஸ்டைனல் வகை. அதற்கு பெம்ப்ரோலிசுமாபுக்கு அமெரிக்காவில் 2018இலேயே அனுமதி கிடைத்தது. ஆகவே பழைய பயாப்ஸி தாளில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

அப்புறம் புதுக் கட்டியிலிருந்து மறுபடி பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்கள். சிடி19 இருக்கிறதா, சிடி20 என்ற இன்னொரு அடையாளம் இருக்கிறதா என்று கேளுங்கள். சிடி20 இருந்தால் குளோஃபிடமாப், எப்கோரிடமாப் மாதிரி ஒரு பக்கம் புற்று செல்லையும் மறுபக்கம் டி செல்லையும் பிடிக்கும் மருந்துகள் உண்டு. கார்-டி தோற்றவர்களுக்கும் அவை பலித்திருக்கின்றன. கட்டி ஒரே இடத்தில் என்றால் கதிர்வீச்சையும் கேட்டுப் பாருங்கள். "ஆய்வுக்காகத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாமல் பில் மட்டும் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: கார்-டி செல் ஏற்றிய என் மாமனாரிடம் தினமும் ஒரு வரி எழுதச் சொல்லி நர்ஸ் வாங்கிக்கொள்கிறார். எதற்கு?
– வாசகி, சேலம்

பதில்: கார்-டியின் பக்கவிளைவாக மூளையில் வீக்கமோ குழப்பமோ தொடங்கினால் பேச்சு தடுமாறும் முன்பே கையெழுத்து கெடலாம். 100இலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல்லச் சொல்வதும் அதற்குத்தான். ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் என் வார்டில் இருந்தார். தினமும் ஒரே வரிதான்: "காபி ஆறிப்போய் வந்தது." ஐந்தாம் நாள் "காபி" வரை முத்து முத்தாக வந்து, அதன்பின் வெறும் சுழிகள். பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. அன்றே ஸ்டீராய்டு தொடங்கினோம். இரண்டு நாள் கழித்துத் தாளில் இருந்தது: "இன்றும் ஆறித்தான்."