வணிகம் படிக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களில் வணிகமும் தொழில்முனைவும் பாடமாக எடுப்பது பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்துவிட்டு, ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு அறிவியலிலும் நல்ல மார்க்தான். ஆனாலும் வணிகம்தான் எடுப்பேன் என்கிறாள். "மார்க் குறைந்தவர்கள் போகிற பாடம் அது" என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி எனக்கே குழப்பமாகிவிட்டது. (ஒரு மாணவியின் அம்மா)

பதில்: அவர்கள் சொல்வதை ஒரு பக்கம் வையுங்கள் அம்மா. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் வரவு, பற்று என்று இரண்டு இடத்தில் எழுதும், இன்றைக்கும் உலகம் முழுக்க நடப்பில் இருக்கும் இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை அச்சில் விரிவாக விளக்கிய லூகா பச்சியோலி ஒரு கணித அறிஞர். 1494-ல் வெனிஸில் வெளிவந்த அவருடைய கணிதப் புத்தகத்தில்தான் அந்தப் பகுதி இருக்கிறது. வியாபாரிகள் ஏற்கெனவே கையாண்டுவந்த முறையை அவர் முறைப்படுத்தி எழுதினார். அப்படி ஒருவர் கணிதத்தோடு சேர்த்து எழுதிய விஷயத்தை மூளைக்கு வேலையில்லாத பாடம் என்று ஒதுக்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆனால் ஒன்றை மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள். மருத்துவம், பொறியியல் பக்கம் போகும் எண்ணம் கொஞ்சமாவது மிச்சமிருந்தால், அந்தப் படிப்புகளில் சேர என்னென்ன பாடங்கள் வேண்டும் என்று விசாரித்த பிறகு முடிவு எடுங்கள். பாதியில் மாறுவது பெரிய சிரமம். அப்புறம், பாடப்புத்தகத்தை வாங்கி, செலவுக் கணக்கு வரும் ஒரு அத்தியாயத்தை அவளையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதைப் படித்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், தடுக்காதீர்கள்.

கேள்வி: பாடம் முழுக்க எனக்கு மனப்பாடம். பக்கம் பக்கமாக எழுதுகிறேன், பாதி மார்க்கைத் தாண்டவே இல்லை. எங்கே தப்பு? (கடைசி வருட மாணவன்)

பதில்: தம்பி, உனக்குப் பாடம் தெரிகிறது, கேள்வியில் கொடுத்திருக்கும் தொழிலைத்தான் நீ பார்க்கவில்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதே பிரச்சினைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துணிப்பை தைத்து விற்கும் ஒரு சின்னத் தொழில் என்று வைத்துக்கொள். மாதத்துக்கு வாடகை மாதிரியான நிலையான செலவு 6,000. ஒரு பைக்கு ஆகும் துணி, நூல், கூலி எல்லாம் சேர்த்து 50. விற்பது 80-க்கு. ஆக ஒவ்வொரு பையும் 30 கொண்டுவருகிறது, 200 பை விற்றால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. இப்போது 260 விற்கிறார்கள், அதனால் லாபம் 1,800. இதுவரை எல்லோரும் சரியாகப் போட்டுவிடுவார்கள். அடுத்த கேள்விதான் ஆளைப் பிரிக்கிறது: "விலையை 70 ஆகக் குறைக்கலாமா?"

நீ என்ன எழுதுவாய்? "விலை குறைந்தால் தேவை கூடும், எனவே குறைக்கலாம்." புத்தகப்படி அது சரிதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பார். ஒரு பையில் கிடைப்பது இப்போது 20 மட்டும். நஷ்டமில்லாமல் இருக்கவே 300 பை விற்க வேண்டும், பழைய 1,800 லாபம் வேண்டுமென்றால் 390 விற்க வேண்டும். விலையில் எட்டில் ஒரு பங்கைத்தான் குறைத்தோம், அதற்கு விற்பனை ஒன்றரை மடங்காக வேண்டியிருக்கிறது! இந்த நேரத்தில் கேள்வியின் மேல் வரியில், அவர்களிடம் இருக்கும் இயந்திரத்தில் மாதம் 350 பைதான் தைக்க முடியும் என்று ஒரு தகவல் கிடக்கும். அதைச் சும்மா போட்டிருக்க மாட்டார்கள். அந்த 350-ஐ எடுத்து, "இவர்களால் 390 தைக்கவே முடியாது, அதனால் இவர்களுக்கு இந்த விலைக் குறைப்பு ஒத்துவராது" என்று எழுதுகிற பிள்ளைக்குத்தான் மார்க்.

தலைமைப் பாணி, விளம்பரம், தொழிலுக்கு முதலீடு திரட்டுவது, எந்த அத்தியாயமாக இருந்தாலும் இதே வழிதான். "விளக்குக" என்றால் காரணத்தைச் சொன்னால் போதும். "மதிப்பிடுக" என்றால் இரண்டு பக்கமும் சொல்லி, இந்தத் தொழிலுக்கு எது பொருந்தும், ஏன் என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். "இரண்டிலும் நன்மை தீமை உண்டு" என்று முடித்தால் அது முடிவே இல்லை.

கேள்வி: லாபத்தில் நடக்கும் தொழில்கூட பணமில்லாமல் மூடப்படலாம் என்று ஆசிரியை சொன்னார். லாபம் என்றாலே பணம்தானே? (ஒரு மாணவி)

பதில்: இதைப் புரிந்துகொண்டால் பாடத்தில் பாதி புரிந்த மாதிரிம்மா. அதே துணிப்பையையே எடுத்துக்கொள். ஒருவர் 100 பை கேட்கிறார், பணம் 60 நாள் கழித்துத் தருவாராம். நீ கையிலிருந்து 5,000 போட்டுத் தைத்துக் கொடுத்துவிட்டாய். கணக்கில் விற்பனை 8,000, அதாவது இந்த ஆர்டரில் 3,000 மிச்சம் என்று ஏறிவிட்டது. கையில்? ஒன்றுமில்லை. அடுத்த வாரம் இன்னொருவர் 100 பை கேட்டால் துணி வாங்கப் பணம் இல்லை, இதற்கு நடுவில் வாடகை நாளும் வந்துவிடும். விற்பனை வேகமாக வளர வளர இந்த நெருக்கடி அதிகமாகும் என்பதுதான் பலரும் கவனிக்காத இடம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வங்கிக் கடன் கைக்கு வந்தால் ரொக்கம் கூடும், ஆனால் அது லாபம் ஆகாது. தேய்மானம், அதாவது இயந்திரம் பழசாகி மதிப்பு குறைவதைச் செலவாக எழுதுவது, லாபத்தைக் குறைக்கும், ஆனால் அதற்காக யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. "பணப்புழக்கத்தைச் சரிசெய்ய என்ன வழி" என்று, அதாவது கைக்குப் பணம் வந்துபோவதைப் பற்றிக் கேட்டால் உடனே கடன் என்று எழுதாதே. பாதி முன்பணம் கேட்பது, துணிக்காரரிடம் தவணை கேட்பது, இதையெல்லாம் முதலில் யோசி.

கேள்வி: செயல்திட்டத்துக்காக 60 பேரிடம் சர்வே எடுத்தோம். 52 பேர் "வாங்குவேன்" என்றார்கள். வாங்கியது 11 பேர். எங்கே தவறினோம்?

பதில்: நீங்கள் பொய்க் கணக்கு எழுதவில்லை, அவர்களும் பொய் சொல்லவில்லை. எதிரில் நிற்கும் பிள்ளைகளிடம் "வாங்க மாட்டேன்" என்று சொல்ல யாருக்கும் மனசு வராது, அவ்வளவுதான். பெரிய நிறுவனத்துக்கே இதைவிடப் பெரிய அடி விழுந்திருக்கிறது. 1985-ல் கோகோ கோலா தன் பானத்தின் சுவையை மாற்றியது. அதற்கு முன் ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லிச் சோதித்திருந்தார்கள், புதிய சுவைதான் ஜெயித்தது. ஆனால் மக்களுக்குப் பழைய பானத்தின் மேல் இருந்த பிடிப்பை அந்தச் சோதனை அளக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பி, 79 நாளில் பழைய சுவை திரும்பி வருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

அடுத்த தடவை "வாங்குவீர்களா" என்று கேட்காதீர்கள். இப்போது எதைப் பயன்படுத்துகிறீர்கள், கடைசியாக எப்போது வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் சின்னதாக ஒரு முன்பணம் வாங்கிப் பாருங்கள். இந்த 52-க்கும் 11-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள், உங்கள் திட்டத்திலேயே நல்ல பகுதி அதுதான்.

கேள்வி: நாங்கள் நாலு தோழிகள். லாபத்தைப் பிரிப்பதில் சண்டை வந்து இப்போது பேசுவதே இல்லை. ஒருத்தி பணம் போட்டாள், நான்தான் வேலை எல்லாம் செய்தேன்.

பதில்: படிக்கும்போதே மனசு கஷ்டமாகிவிட்டது. பள்ளி நாட்களில் நானும் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து வாழ்த்து அட்டை அச்சடித்து விற்றேன், பாதி விற்காமல் நின்றது, நஷ்டம் யாருக்கு என்று நாங்கள் முன்பே பேசியிருக்கவில்லை. அதில் ஒருவனோடு பேச்சு அப்படியே நின்றுபோனது.

போட்ட பணமும் செய்த வேலையும் வேறு வேறு, இரண்டையும் ஒரே பங்காகப் பார்ப்பதால்தான் சண்டை வருகிறது. முதலில் அவள் போட்ட முதலைத் திருப்பிக் கொடுங்கள். மிச்சத்தில் வேலை செய்த மணிக்கணக்குக்கு ஒரு கூலி, அதற்கும் மேல் மீதி இருந்தால் நாலு பேருக்கும் சமமாக. பணத்தைத் தொடும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, நீயே அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ.