மொலஸ்கம்: சுரண்டவா, விடவா?
ஐந்து வயதுப் பையனுக்கு அக்குளில் முத்து முத்தாகப் பரு, நடுவில் சின்னக் குழி, டாக்டர் மொலஸ்கம் என்றார், சுரண்டி எடுக்கவா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் விட்டுவிடுவேன். வைரஸ்தான், பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்தில் தானாகப் போய்விடும், சிலருக்கு இன்னும் இழுக்கும். சுரண்டினால் வலி, தழும்பும் விழலாம், அப்புறம் பையன் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டான்! ஆனால் கண் இமையில் வந்தாலோ, கரப்பான் உள்ள தோலில் மளமளவெனப் பரவினாலோ, சீழ் வைத்தாலோ உடனே காட்டுங்கள். லேசாகச் சிவந்து வீங்கினால் பதறாதீர்கள், பல சமயம் உடம்பு அதை விரட்டத் தொடங்கியதன் அடையாளம் அது. துண்டு தனியாக வையுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், பள்ளிக்குத் தாராளமாக அனுப்பலாம். யாராவது சுண்ணாம்பு வைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள், தோல் வெந்துவிடும்.