பார்சிலோனாவிலிருந்து ஒரே நாளில் ஒயின் சுவைக்கப் போய்வர எப்படித் திட்டமிடுவது?

"கார் எடுத்துக்கொண்டு ஒரே நாளில் மூன்று நான்கு ஒயின் ஆலைகளைப் பார்த்துவிட முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் பார்சிலோனாவில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். நீங்கள் கேட்டதை அப்படியே ஒரு முறை செய்து பார்த்து, ஒரு நாளைப் பாழாக்கியிருக்கிறேன். அடுத்த வருடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ரயிலில் போனேன். அந்த நாளைப் பற்றி இன்றைக்கும் வீட்டில் பேச்சு ஓடுகிறது.

நான்கைந்து நாள் பயணமாக வருகிறீர்கள், கூட ஒருவரோ இருவரோ இருப்பார்கள், ஒயினைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் காரை மறந்துவிடுங்கள். ஒரே ஊர், அதிகபட்சம் இரண்டு இடம். அந்த ஊர் சான் சதுர்னி தனோயா.

காவா என்னும் நுரைக்கும் ஒயினுக்குத் தலைநகர் மாதிரி அந்த ஊர். பெனெடேஸ் திராட்சைப் பகுதியில் இருக்கிறது. பிளாசா கத்தலூன்யாவிலோ சான்ட்ஸ் நிலையத்திலோ ஆர்4 புறநகர் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தை ஒட்டி இறங்கிவிடலாம். பிரெஷெனெட் ஆலை நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. கொடோர்னியு ஆலை ஊரை விட்டுச் சற்று வெளியே. அதன் கட்டடத்துக்காகவே போகலாம். பார்சிலோனாவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கௌடியின் காலத்தவரான பூச் இ கதஃபால்க் வடிவமைத்தது, செங்கல் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கோயில் மண்டபம்போல நிற்கும். 1872ல் இந்த நுரை ஒயினை இங்கே முதலில் செய்தவர் கொடோர்னியு குடும்பத்தைச் சேர்ந்த ஜோசெப் ரவெந்தோஸ். பெரிய ஆலை ஒன்று, குடும்பமே நடத்தும் சிறிய ஆலை ஒன்று, நடுவில் நல்ல மதியச் சாப்பாடு. அவ்வளவுதான் திட்டம். இரண்டுக்கும் முன்பதிவு வேண்டும், ஆங்கிலத்தில் சுற்றிக்காட்டும் நேரத்தைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

இனி நான் பட்டது. முதல் தடவை நாங்கள் நான்கு பேர், வாடகைக் காரில் பிரியோராத் என்னும் மலைப்பகுதிக்குப் போனோம். கரும்பலகைக் கல் உடைந்து கிடக்கும் செங்குத்தான மலைச்சரிவில் கொடிகள், கனமான சிவப்பு ஒயின், ஸ்பெயினில் ரியோகா என்னும் ஒயின் பகுதிக்கும் இதற்கும் மட்டும் இருக்கிற உயர்ந்த தரச் சான்று. இதையெல்லாம் படித்துவிட்டு ஆசை. ஆனால் போக மட்டும் இரண்டு மணி நேரம், கடைசிப் பகுதி முழுக்க மலை வளைவு. மூன்று இடங்களில் பதிவு செய்திருந்தோம். முதல் இடத்தில் பேச்சு நீண்டது. இரண்டாவது இடத்துக்கு நாற்பது நிமிடம் தாமதம், அடுத்த குழு வந்துவிட்டதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. அந்த அலைச்சலில் மதியச் சாப்பாடு போயிற்று. வெறும் வயிற்றில் மூன்றாவது இடத்தில் ஆறு கோப்பை. திரும்பும்போது தோழி ஒருத்தி வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். வண்டி ஓட்டிய நண்பரோ நாள் முழுக்க ஒரு சொட்டு குடிக்காமல், எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பணத்தில் மட்டும் எங்களோடு சமபங்கு போட்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடம்.

பிரியோராத்தை மதிப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அந்த மண்ணும் ஒயினும் அருமையானவை. அங்கே ஒரு இரவு தங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சரி, அப்பா விஷயம். எங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைத் தோட்டம். அப்பாவுக்கு எழுபது வயதை நெருங்குகிறது, குடிப்பழக்கம் கிடையாது. செப்டம்பரில் என்னைப் பார்க்க வந்தவர் தேவாலயங்களைச் சலிப்போடு பார்த்தார். "இங்க கொடி எங்க தாயி வளக்குறாங்க?" என்று மூன்றாம் நாள் கேட்டார். மறுநாள் காலை ஆர்4ல் ஏறினோம்.

சிறிய ஆலையில் முதலில் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். அப்பா பந்தலைத் தேடினார். எங்கள் ஊரில் தலைக்கு மேல் பந்தல், அண்ணாந்து பார்த்துத்தான் குலையை வெட்ட வேண்டும். இங்கே முழங்கால் உயரத்தில், முறுக்கிய கட்டைபோல, தனித்தனிச் செடியாக நிற்கிறது. குனிந்து ஒரு செடியின் குலைகளை எண்ணினார். பத்துக்கும் குறைவு. "இவ்வளவுதானா? வருசத்துக்கு எத்தனை வெட்டு?" என்றார். ஒரே வெட்டு என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்புறம் அனுமதி கேட்டு ஷரெல்லோ என்னும் வெள்ளைத் திராட்சையில் ஒரு பழத்தைப் பறித்தார். தோலை விரலால் நசுக்கினார், சாற்றை உறிஞ்சினார், விதையை உள்ளங்கையில் துப்பி வெயிலில் திருப்பிப் பார்த்தார். பழுப்பு நிறம். பல்லில் வைத்துக் கடித்தார், நொறுங்கியது. "ரெண்டு நாள்ல வெட்டலாம்" என்றார். சுற்றிக்காட்டிய பெண் சிரித்துவிட்டு, வெள்ளிக்கிழமை அறுவடை என்றாள். அன்று புதன். அவளுடைய தாத்தாவும் விதையைக் கடித்துத்தான் நாள் குறிப்பாராம். அதற்குப் பிறகு அவள் என்னை விட்டுவிட்டு அப்பாவிடமே பேசினாள், நான் நடுவில் ஓடி ஓடி மொழிபெயர்த்தேன்.

வேரைப் பற்றியும் அப்பாதான் கேட்டார். நாங்கள் வெட்டிய குச்சியை நட்டே கொடி வளர்ப்போம். இங்கே அடியில் அமெரிக்க வேர்க்கட்டை, மேலே ஒட்டுக் கட்டிய உள்ளூர் ரகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிலாக்சேரா என்ற வேர்ப்பூச்சி வந்து இந்தப் பகுதியின் கொடிகளையெல்லாம் அழித்த பிறகு வந்த வழக்கம் இது. மறுபடி நட்டபோது பெரும்பாலும் வெள்ளைத் திராட்சையாக நட்டதால்தான் காவா இவ்வளவு வளர்ந்ததாம். அந்தப் பூச்சியை நினைத்து இன்றும் செப்டம்பரில் ஊரே விழா எடுக்கிறது. உங்கள் பயணம் அந்த வாரத்தில் அமைந்தால் விடாதீர்கள்.

நிலவறைக்குப் போகும்போது சால்வையோ ஸ்வெட்டரோ கையில் இருக்கட்டும். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே குளிரும். புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்து, சாதாரண காவாவையே குறைந்தது 9 மாதம், கிரான் ரிசர்வா என்னும் உயர்ந்த வகை என்றால் 30 மாதம் படுக்க வைக்கிறார்கள். புட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தலைகீழாக்கி, வண்டலைக் கழுத்துக்கு இறக்கி, கழுத்தை உறைய வைத்து, அந்தக் கட்டியை மட்டும் வெளியே தள்ளுகிறார்கள். சுவைக்கும்போது முதலில் சர்க்கரை சேர்க்காத புரூட் நேச்சரைக் கேளுங்கள். பழத்தின் குணம் அதில்தான் மறைக்காமல் தெரியும். துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். கூச்சப்படாமல் துப்புங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அப்பா குடிக்கவில்லை. முகர்ந்து மட்டும் பார்த்தார். அந்தப் பெண் உள்ளே போய், அன்று காலை பிழிந்த புளிக்காத சாறு ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். கலங்கலாக, இளம்பச்சையாக இருந்தது. அதை முழுதாகக் குடித்தார். ஆகவே குடிக்காதவர் உங்களோடு வந்தால், அறுவடைக் காலத்தில் சாறு கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

அன்று எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். "அப்பாவையே சாராயக் கடைக்குக் கூட்டிப் போயிருக்கா" என்று ஒரு உறவினர் எழுதினார். இங்கேயும் யாராவது, குடியை ஊக்குவிக்கிறேன் என்று வரலாம். குடிக்கச் சொல்லி எழுதவில்லை. குடியால் அழிந்த வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்தவள் நான். ஆனால் ஒரு விவசாயி இன்னொரு நாட்டுத் தோட்டத்தில் மரியாதையாக நடத்தப்பட்ட நாளை அப்படிப் பேசியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் ஊரில் அறுக்கும் நேரத்தில் மழை பெய்து பழம் வெடித்தால், வியாபாரி தோட்டத்து வரப்பில் நின்றே விலையைப் பாதியாக்குவார். அப்பா தலையாட்டுவார், வேறு வழியில்லை. அறுபது வருடமாக மண்ணில் நிற்கிற மனிதரிடம் பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க அங்கே ஆள் இல்லை. பன்னீர்த் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரால் வரும் பலன் வரப்புவரைக்கும் வந்து சேர வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

கேள்விக்கு வருகிறேன். ஆகஸ்ட்டிலும் ஞாயிறு மதியத்துக்கு மேலும் சிறிய ஆலைகள் பல மூடியிருக்கும். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும், ஆகவே காலை பத்தரைக்கு ஒரு ஆலை, மாலை நான்கரைக்கு ஒன்று என்று வையுங்கள். சைவம் என்றால் சாலட்டை நம்பாதீர்கள், டூனா மீனோடு வரும். தக்காளி தேய்த்த ரொட்டியும், சுட்ட கத்தரிக்காய் குடைமிளகாயில் செய்யும் எஸ்கலிவாதாவும் வயிற்றை நிரப்பும், மேலே நெத்திலி வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை போவதென்றால் அதே ரயிலில் இன்னும் கொஞ்ச தூரம் போய், காலையில் விலாபிராங்கா என்ற ஊரின் வாரச் சந்தையைப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த வாரச் சனிக்கிழமை அப்பா அந்தப் பக்கம் மறுபடி போக வேண்டும் என்று அடம்பிடித்துப் போய், அந்தச் சந்தையில் சிவப்புப் பிடி போட்ட கவாத்துக் கத்தரி ஒன்று வாங்கினார். விமானத்தில் பெட்டிக்குள் வைத்து அனுப்பினோம்.