ஆசையா ஆரம்பிக்கிறது எல்லாம் பாதியில வெறுத்துப் போகுது, எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

கிதார் வாங்கி மூணு மாசத்துல மூலையில வச்சிட்டேன், வீட்டுல கேக் செஞ்சு வித்தேன், ஆர்டர் குறைஞ்சதும் அதையும் விட்டுட்டேன், மத்தவங்க மட்டும் எப்படி விடாம நிக்கிறாங்கன்னு கேட்டிருக்கீங்க தம்பி. மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், யாரும் வெறுத்துப் போகாமல்லாம் நிக்கல. வெறுத்துப்போயி, வீட்டுல நாலு பாத்திரத்த டம்முனு வச்சு, ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு, அப்புறந்தான் திரும்பப் போறோம்.

நான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊருக்குப் பக்கத்துல முனைக்காட்டுப் பக்கம். தொழில் கடல்பாசி வளக்குறது, பொம்பளைங்க குழுவா சேந்து செய்றோம். பொழுதுபோக்குன்னா போட்டோ எடுக்குறது, அதுலயும் பறவைங்க. என் தம்பி சவுதியில இருந்து வந்தப்ப அவன் பழைய கேமராவ "நீ வச்சுக்கக்கா"ன்னு குடுத்துட்டுப் போனான், அன்னைக்குப் புடிச்ச பைத்தியம் இன்னும் விடல. ரெண்டுலயும் நான் நல்லாவே வெறுத்துப் போயிருக்கேன், அதனால ரெண்டையும் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

பாசி வளக்குறது எப்படின்னா, மூங்கில்ல 12க்கு 12 அடி தெப்பம் கட்டி, ஊடால வரிசையா கயிறு இழுத்து, அதுல சின்னச் சின்னக் கொத்தா வெதப்பாசிய முடிஞ்சு கடல்ல மிதக்க விடணும். ஒரு தெப்பத்துக்கு 60 கிலோ வாக்குல வெத போகும். 45 நாள்ல எல்லாம் நல்லபடியா போனா 200 கிலோவத் தாண்டும், 260 வரைக்கும்கூட வரும். அதுல திரும்ப 60 கிலோவ அடுத்த கட்டுக்கு வெதையா ஒதுக்கிட்டு மிச்சத்தக் காயப்போடணும், பத்து கிலோ பச்சப்பாசி காஞ்சா ஒரு கிலோதான் தேறும். இதுல இருந்து காராஜீனன்னு ஒண்ணு எடுக்குறாங்க, ஐஸ்கிரீம், டூத்பேஸ்ட் எல்லாம் கெட்டியா நிக்கிறதுக்குப் போடுறது. நீங்க காலையில பல்லு விளக்குனதுல எங்க கடல் கொஞ்சம் இருக்கலாம்.

அந்த "எல்லாம் நல்லபடியா போனா"ங்குறதுலதான் சங்கதியே இருக்கு. ஓரா மீனு கூட்டமா வந்துச்சுன்னா தளிரு பூராத்தையும் மேஞ்சிட்டு மொட்டக் கயிற விட்டுட்டுப் போயிரும். தண்ணி ரொம்பச் சூடாச்சுன்னா பாசிக் கொப்பு வெள்ளையா வெளுத்து, தொட்டா கையோட உதிந்து வரும். மழத்தண்ணி சேந்து கடல்ல உப்பு குறைஞ்சாலும் அதே கதிதான். வாடக்காத்து எடுத்துச்சுன்னா தெப்பத்தையே பிச்சுக் கொண்டாந்து கரையில போட்டுட்டுப் போகும். ஒரு சித்திர மாசம் எங்க தெப்பம் பாதி மேஞ்சும் மீதி வெளுத்தும் போயிருச்சு, நான் கரையில உக்காந்து இனிமே இந்தக் கடலுக்கே வரமாட்டேன்னு அழுதுக்கிட்டு இருக்கேன், எங்க மதினி வந்து பக்கத்துல உக்காந்து, "ஏத்தா, ஓரா தின்னுச்சா, தண்ணி சுட்டுருச்சா?"ன்னு கேட்டுச்சு. ரெண்டுந்தான்னேன். "அப்ப ரெண்டுக்கும் எதுக்குத்தா ஒரே அழுகையா அழுகுற, தனித்தனியா அழு"ன்னுச்சு.

அப்ப எனக்கு ஆத்திரமாத்தான் வந்துச்சு, இப்ப யோசிச்சா எனக்குத் தெரிஞ்ச பதில் அதுதான் தம்பி. மீனு தின்னா தெப்பத்துக்கு அடியில வல கட்டணும், கிழிஞ்ச இடத்தத் தைக்கணும், அது நம்ம கை வேல. தண்ணி சுட்டா நம்ம என்ன பண்ண முடியும், கெடக்குற நல்ல கொப்பா பொறுக்கி நீரோட்டம் இருக்குற எடமாப் பாத்து வெதைக்கு மட்டும் காப்பாத்தி வச்சிக்கிட்டு, காத்து மாறுற வரைக்கும் வேற பொழப்பப் பாக்கணும். இது ரெண்டையும் போட்டுக் குழப்புறதுலதான் ஆளு ஒடைஞ்சு போறது. கையில சரி பண்ண வேண்டியத "நேரம் சரியில்ல"ன்னு விட்டுருவோம், காத்து மாறுனாத்தான் சரியாகும்ங்குறதுக்கு ராத்திரி பகலா நம்மளையே திட்டிக்கிட்டு இருப்போம்.

எங்க ஊரு ஆம்பளைங்களப் பாத்தா இது நல்லாப் புரியும். எங்களுக்கு ரெண்டு கடலு, வடக்க பாக் விரிகுடா வடகடல், தெக்க மன்னார் வளைகுடா தென்கடல். ஐப்பசி கார்த்திகையில வாட அடிக்கிறப்ப வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கிக் கெடக்கும். ஆனி ஆடியில அப்படியே தலகீழ், தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி இருக்கும். அதனால காத்துக்கேத்த மாதிரி இந்தக் கடலுக்கும் அந்தக் கடலுக்கும் வலைய மாத்திக்கிட்டே இருப்பாங்க, காத்தோட யாரும் மல்லுக்கட்ட மாட்டாங்க. அதுக்காக தொழிலையும் விட்டுட மாட்டாங்க. எனக்குப் பாசி ஒரு கடலு, கேமரா ஒரு கடலுன்னு வச்சுக்கங்க, ஒண்ணுல நிக்க முடியாதப்ப இன்னொண்ணுல நிப்பேன்.

பாசித் தொழிலு மொத்தத்துக்குமே இப்படி ஒரு அடி விழுந்திருக்கு. இந்த வளக்குற பாசி நம்ம கடல்ல மொளைக்கிறது இல்ல, வெளியில இருந்து வந்த இனம், மண்டபத்துல இருக்குற மத்திய உப்பு கடல்சார் வேதிப்பொருள் நிலையத்துலதான் எங்க பக்கம் மொதல்ல வளத்துப் பாத்தாங்க. அப்புறம் 2000 வாக்குல பெப்சி கம்பெனி இறங்குச்சு, அதனால எங்கூர்ல பெருசுங்க இன்னும் பெப்சிப் பாசின்னுதான் சொல்லும். 2001ல வெறும் 21 டன் காஞ்ச பாசி, 2013 வாக்குல 1,490 டன்னு வரைக்கும் போச்சு, காஞ்ச பாசி கிலோ அஞ்சு ரூவாகூட இல்லாதது 35 ரூவாயாச்சு. அப்புறம் பாசி கூட்டம் கூட்டமாச் செத்துச்சு, உற்பத்தி சரசரன்னு இறங்கிருச்சு. எத்தனையோ குடும்பம் விட்டுட்டு திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போச்சு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல. திரும்ப வந்து தெப்பம் கட்டுனவங்கள நான் பாத்த வரைக்கும், அவங்க மத்தவங்கள விட தைரியசாலின்னுலாம் இல்ல, வீட்டுல ஆடோ கோழியோ புருசன் சம்பளமோ இன்னொரு வரும்படி இருந்துச்சு, கையில கொஞ்சம் வெத இருந்துச்சு, வட்டிக்காரன் வாசல்ல வந்து நிக்கல. தன்னம்பிக்கையப் பத்தி மேடையில பேசுறவங்க இந்த வட்டிக்காரன் விசயத்த மட்டும் பேசவே மாட்டாங்க. கடனுக்குத் தவணை கட்ட முடியாம தூக்கம் வராத ஆளுகிட்ட போயி பொறுமையா இருன்னு எப்படிச் சொல்றது? பிசினஸ்ல பொறுமைங்குறது பாதி காசுதான் தம்பி. ரெண்டு மூணு மாசம் வருமானம் இல்லாட்டியும் சோறு வேகும்னா பொறுமை தானா வரும்.

இப்ப அரசாங்கம் வளமாவூர்ல 127 கோடியில கடல்பாசிப் பூங்கா கட்டுது, நல்ல வெத அங்க கிடைக்கும்ங்குறாங்க, கிடைச்சாச் சந்தோசம்.

இன்னொரு ஆளு கதையச் சொல்லணும். பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி அம்மா, சின்ன வயசுல இருந்து தீவுப் பக்கம் முங்கி முங்கி இயற்கையா மொளைக்கிற பாசி எடுக்குறவங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவையும் சேத்து தேசியப் பூங்கான்னு ஆக்குனப்புறம் பாசி எடுக்கப் போற பொம்பளைங்களுக்கு கெடுபிடி ஆரம்பிச்சுது. இவங்க என்ன பண்ணாங்கன்னா, பொம்பளைங்களக் கூட்டி, மாசத்துல 12 நாள்தான் எடுப்போம், மீனு குஞ்சு பொரிக்கிற காலத்துல 45 நாள் கடல்லயே இறங்க மாட்டோம்னு தாங்களே ஒரு வரைமுறை வச்சுக்கிட்டு, அதிகாரிங்ககிட்ட உக்காந்து பேசுனாங்க. 2015ல சீகாலஜின்னு அமெரிக்க அமைப்பு ஒண்ணு அவங்களுக்கு விருது குடுத்துச்சு. எனக்கு அந்த விருத விட அந்த 45 நாள்தான் பெருசாத் தெரியும். அன்னாடம் கடல்ல இறங்குனாத்தான் காசுங்குற பொம்பளைங்க, எத விட்டா எது நிக்கும்னு உக்காந்து கணக்குப் போட்டுருக்காங்க.

இப்ப கேமராவுக்கு வரேன். மார்கழி தையில தனுஷ்கோடிப் பக்கம், கோதண்டராமர் கோயிலச் சுத்தி கடல்தண்ணி தேங்கி நிக்கிற கழியில பூநாரை, அதான் ஃபிளமிங்கோ, வந்து நிக்கும். 2025ல அந்தப் பகுதியப் பூநாரை சரணாலயம்னே அறிவிச்சுட்டாங்க, 524 ஹெக்டேர். முனைக்காட்டுல வீட்டு வேலை முடிச்சு, பாம்பன் பாலம் தாண்டி நான் போயிச் சேர்றதுக்குள்ள மணி ஒம்பது ஒம்பதரை ஆயிரும். எடுக்குற படம் பூராவும் தண்ணியில நனைஞ்ச மாதிரி கலங்கலா, ஒண்ணுகூட கத்தி மாதிரி வராது. ராமநாதபுரத்துல ஒரு கடையில காட்டுனா லென்ஸ் போச்சுக்கா, மாத்துங்கன்னு ஒரு ரேட்டு சொன்னான், அதுக்கு நான் வருசம் பூரா பாசி காய வைக்கணும். ஒரு சீசன் அப்படியே வெறுத்துப்போயி கேமராவ பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்.

லென்ஸ்ல ஒண்ணும் இல்ல, அது கானல். வெயிலு ஏறுனதும் மணல்ல இருந்து கிளம்புற சூட்டுக்காத்து அலையலையா ஆடும், அதுக்கு அந்தப்பக்கம் தூரத்துல நிக்கிற பறவைய எவ்வளவு வெல லென்ஸ் வச்சு எடுத்தாலும் ஆடித்தான் தெரியும். வெள்ளன போகணும், அம்புட்டுத்தான். இப்ப நான் போற அன்னைக்கு காலையில சோறு பொங்குறது என் வீட்டுக்காரர்.

அடுத்த கடுப்பு, பறவை எழும்புறப்ப எனக்கு எப்பவும் முதுகுதான் கிடைக்கும். எங்க அப்பாகிட்ட பொலம்புனேன், அவுக பாய்மரத்துல போன ஆளு, சிரிச்சுட்டு, "காத்து எங்கிட்டு இருந்து வருதுன்னு பாத்தியா? பறவை எதிர்காத்துலதான ஏறும்"ன்னாக. வாடக்காத்து வடகிழக்க இருந்து வருதுன்னா பூநாரை அங்கிட்டுப் பாத்துத்தான் கிளம்பும், அப்ப நம்ம காத்த முதுகுல வாங்கிக்கிட்டு வடகிழக்க போயி நின்னா மூஞ்சி நம்மளப் பாத்து வரும். பூநாரை டக்குனு எழும்பவும் செய்யாது, தண்ணி மேல கொஞ்ச தூரம் ஓடித்தான் ஏறும், ஷட்டர செகண்டுல ரெண்டாயிரத்துல ஒரு பங்குன்னு வச்சுக்கிட்டு ரெடியா நிக்க நேரம் கிடைக்கும். எந்த வீடியோவுலயும் எனக்கு இது கிடைக்கல, வீட்டுலயே இருந்திருக்கு. (படத்துக்காக கல்ல விட்டு எறிஞ்சு பறக்க விடுற ஆளுங்களையும் அங்க பாத்திருக்கேன். அவ்வளவு தூரம் பறந்து வந்து ரெண்டு வாய் திங்கிறத கெடுத்து அப்படி ஒரு படம் எடுக்கணுமா? வண்டிய எடுத்துட்டுப் போயிருங்க.)

இதுல காசு என்ன கிடைக்குதுன்னு கேக்காத சொந்தக்காரங்க கிடையாது. கல்யாணத்துக்கு எடுத்துக் குடு, சடங்குக்கு எடுத்துக் குடுன்னு கேட்டாங்க, மாட்டேன்னுட்டேன். ஆசைப்பட்டதையே தொழிலாக்கு தொழிலாக்குன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பாசியில நட்டம் வந்தா ரேசன் கடை வரைக்கும் யோசிக்கணும். படம் கலங்கலா வந்தா யாரு வீட்டு உல கொதிக்காமப் போச்சு? அந்தச் சுதந்திரம் இருக்குறதாலதான் படத்துல திரும்பத் திரும்ப முயற்சி பண்ண முடியுது.

நான் ஒரேயடியா விட்டதும் இருக்கு. குழுவுல துணியில பூவேலை போடுற ஆரி ஒர்க் கத்துக் குடுத்தாங்க, போனேன், கொஞ்ச நாள்ல நின்னுட்டேன். டிசைன் கோணலா வந்தப்ப எனக்குக் கோவம்கூட வரல, சரி போகட்டும்னுதான் இருந்துச்சு. கோவமே வராத வேலைய எதுக்கு இழுத்துப் புடிச்சுக்கிட்டு கெடக்கணும், நிம்மதியா விட்டுட்டேன். உங்களுக்கு கிதார் மேல கோவம் இருக்குன்னு நீங்க எழுதுனதுலயே தெரியுது, அதனாலதான் இவ்வளவும் எழுதுறேன்.

கேக்குக்கு ஒரு வேல பண்ணுங்க. பழைய ஆர்டர் மெசேஜ எல்லாம் எடுத்து எந்த மாசம் எத்தனைன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. ஆடியில குறைஞ்சிருந்தா, அப்ப நிச்சயதார்த்தம், கல்யாணம் எதுவும் வைக்கமாட்டாங்க, அது காத்து மாதிரி, நம்ம கையில இல்ல, அந்த மாசத்துக்குக் கேக்கு வியாபாரத்த நம்பாதீங்க, பிஸ்கட்டோ முறுக்கோ போடுங்க. சித்திரையில கிரீம் உருகி வழிஞ்சு போயி அதுல திட்டு வாங்கி குறைஞ்சிருந்தா அது நம்ம கை வேல, வெயில் மாசத்துக்கு கிரீம் இல்லாத கேக்கா மாத்துங்க. கிறிஸ்மசுக்கும் நியூ இயருக்குமே ஆர்டர் வரலன்னா மட்டும் ருசியையும் வெலையையும் பத்தி யோசிங்க, ஏற்கனவே வாங்குன நாலு பேருகிட்ட வெக்கப்படாம கேளுங்க.

கிதாரப் பத்தி எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனா எங்க அக்கா மகன் வாசிக்கிறான், அவன்கிட்ட உங்க கேள்வியக் காட்டுனேன். ஒரே விரல்ல கம்பி எல்லாத்தையும் அழுத்துற எஃப் கார்டு புடிக்கிறப்பதான் விட்டிருப்பாரு சித்தி, கம்மி வெல கிதார்ல கம்பி பலகையில இருந்து ரொம்ப ஒசரத்துல நிக்கும், எவ்வளவு அழுத்துனாலும் சத்தம் வராதுன்னான். விரல் நுனி வலி சில வாரத்துல காச்சுப்போயி தானா அடங்கிருமாம், ஆனா கம்பி ஒசரம் தானா இறங்காதாம். கிதார் ரிப்பேர் பாக்குற கடையில குடுத்தா இறக்கிக் குடுப்பாங்களாம், கிதாரோட வெலையப் பாக்க அது சின்னச் செலவுதானாம். மொதல்ல அதக் கொண்டு போயி காட்டுங்க.